ஒரு பணம் பாக்கி

இரிங்க கணக்கப்பிள்ளை, கால் ஆறட்டும்.
கோட்டையிலிருந்து இந்த வெயிலில் நடந்து வந்தது
ஒரு பணத்துக்கா?

ஓம், ஏலத்தில் கை தூக்கினது நான்தான்.
செத்த ஒல்லாந்தன்ட சாமான் வித்த அண்டைக்கு
சப்பாத்துக்கு அடிபிடி, சவரக்கத்திக்கு அடிபிடி,
சீட்டிப் போர்வையால் ஒரு சிப்பாயின் மூக்கு உடைஞ்சது.
பலகையைத் தூக்கிக் காட்டினபோது
ஒருத்தரும் இருமக்கூட இல்லை.
என்ட அரிசிப் பானைக்கு மூடி இல்லை.
அளவு சரியா இருந்தது.

எழுதுங்க. மற்றப் பக்கத்திலும் எழுதுங்க,
கிட்டங்கிக் காவல் யோரிஸ்
என்ட அடுக்களையில் எடுத்ததை.

சிங்கிறால் ஒண்டு, உயிரோடு.
அவிச்சாத்தான் சிவக்கும் எண்டேன். அவிச்சேன், சிவந்தது.
மூணு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
நாலாம் நாள் பூனையும் மூக்கைத் திருப்பினது.
துரைமார் மேசைக்குப் பருப்புத்தான் போனது;
அடி எனக்கு விழுந்தது. அதுக்கு எவ்வளவு போடுவீங்க?

எங்கட குடிக்கே ஒரே ஒரு வெற்றிலை வட்டா.
துலக்கித் தா எண்டான், துலக்கினேன்.
ஐயோ, களிம்பு கொஞ்சம் இருந்திருக்கலாமே எண்டான்.
அந்தப் பித்தளைக்குள்ள சன்னல் வந்தது,
சன்னலுக்குள்ள வாவி,
வாவிக்குள்ள அரிசிமணி அளவில் தோணி.
தோணியில் ஆள் இல்லை.
எங்க ஆள் எண்டேன்.
ஆளை வைத்தால் எல்லாரும் ஆளைத்தான் பார்ப்பாங்க எண்டான்,
பாதி தமிழில், பாதி பறங்கிப் பாஷையில்.

மண்டையோடு கேட்டான் ஒருநாள்.
சுடலைக்குப் போ எண்டேன்.
மறுகா மனம் கேளாமல்
உரிச்ச தேங்காய் ஒண்டை மேசையில் வைத்தேன்,
மூணு கண்ணும் அவனைப் பார்க்க.
சிரிச்சான், சிரிச்சான், அதையே கீறினான்.

ஹார்லெம் எண்டு அவன்ட ஊர்.
அங்க எலுமிச்சம்பழம் கீறி வித்தே வாழ்ந்தானாம்;
மெய்யான பழத்தைவிடக் கீறின பழம் விலையாம்.
கடன் முத்தி, கப்பலேறி,
இங்க வந்து நெல்மூட்டை எண்ணினான்.
இங்க எலுமிச்சை வேலியோரம் சும்மா உதிருது.

ஒரே சுருளாய் உரி எண்டான், அறாமல்.
பதினொண்டு அறுந்தது.
(அதெல்லாம் ஊறுகாய்க்குப் போனது, கழிச்சுவிடுங்க.)
பன்னிரண்டாவது தோல் மேசை விளிம்பால் இறங்கி
காத்தில் ஆடிக்கொண்டு தொங்கினது.

அப்பத்தான் மஞ்சள் தீர்ந்தது. கப்பல் வரவில்லை.
நான்தான் கூத்துக் களரிக்கு ஆள் விட்டு
ராசா வேசக்காரன் முகத்துக்கு அரைக்கும்
அரிதாரம் எடுப்பித்தேன்.
நஞ்சு, வாயில் படாத எண்டேன்.
ஒருக்கா இல்லை, இரண்டு தரம்.
தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவான் அவன்.
பழக்கம்.

காய்ச்சல் எண்டு உங்கட வைத்தியர் எழுதினார்.
நானும் காய்ச்சல் எண்டுதான் சொல்றேன்.

பலகையா? கேளுங்க.
இந்த மாரிக்குக் கறையான் ஏறினது.
முதலில் சிங்கிறால் போனது,
மறுகா வட்டா, அதுக்குள்ள கிடந்த வாவி,
ஆளில்லாத தோணி.
தேங்காய்க் கண்ணுக்குள்ளால புத்துமண் வழிஞ்சது.
இந்தாங்க மிச்சம். உள்ளங்கை அளவு.
சுத்திச் சுத்தி வந்திரிக்கி,
தொடாமல் திரும்பியிரிக்கி.

அவனுக்கு நான் சொன்னேன்.
கறையானுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

பணம் இல்லை கணக்கப்பிள்ளை.
ஏட்டில் பதிஞ்சுகொள்ளுங்க:
எலுமிச்சை ஒண்டு, பாதி உரிச்சது.

சோறு வடிச்சிட்டேன், சாப்பிட்டுப் போகலாம்.
முதலில் கையைக் கழுவுங்க.
நல்லா.